இரண்டாவது வண்டி

அந்தக் கோட்டை நான்தான் தைத்தேன். ஒன்றல்ல, இரண்டு. ஒரே துணி, ஒரே அளவு. முழங்கால் வரை நீளும் கருநீலக் கோட்டு, தூரத்திலிருந்தே தெரிகிற பெரிய பொத்தான்கள். அக்கா முதன்முதலாகத் தேர்தலில் நின்ற வருடம் அது.

அக்கா தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அங்கே ஊழியர் சங்கத்தின் செயலாளரும் அவள்தான். அவள் குரல் உயர்ந்தால் முத்திரை குத்துகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் நேர் எதிர். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்தே படிப்பை நிறுத்தியவள். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருடமாக அதே தையல் இயந்திரம், அதே ஜன்னல். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அக்காவைத் தேடி வந்தவர் கட்சியின் தொகுதிப் பொறுப்பாளர். சின்ன வயதில் சுவரொட்டி ஒட்டி மேலே வந்தவர் என்பதால் எல்லாரும் அவரைப் 'பசை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"மேலிடத்துல ஒரு பொம்பள வேட்பாளர் வேணுங்கறாங்கம்மா. இந்தத் தொகுதியில நாங்க இருபது வருஷமா ஜெயிச்சதே இல்ல. அதனால உங்க மேல யாருக்கும் பொறாமை வராது. தைரியமா நில்லுங்க."

"அப்ப தோக்கறதுக்குக் கூப்பிடறீங்க."

"தோக்கறதுக்கும் ஒரு ஆளு வேணும்ல?"

அக்கா சிரித்தாள். "நின்னா தோக்க மாட்டேன். பரவாயில்லையா?" என்றாள்.

பிரசாரத்துக்கு இருந்தது பதினான்கு நாள். தொகுதியில் ஆறு ஊர், நூற்றுக்கணக்கான தெருக்கள். எப்படிச் சுற்றினாலும் பாதிகூட முடியாது என்று பசை கணக்குப் போட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். அவர் டம்ளரை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"ரெண்டு வயசு வித்தியாசமா? மூக்கு அதே மூக்கு. தாடை அதே தாடை. ஒரு கண்ணாடி மாட்டிவிட்டா போதும்."

"அவளா?" என்றாள் அக்கா. "அவ வாயே திறக்க மாட்டா."

"அதாம்மா வேணும். வாயைத் திறக்கிற ஆளுங்க எங்க கட்சியில ஏற்கெனவே ஏராளம்."

இப்படித்தான் இரண்டாவது வண்டி வந்தது. அக்கா ஒரு பக்கம் போனால் நான் மறுபக்கம். அதே நீலக் கோட்டு, அதே தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடி, என்னுடையதில் வெறும் கண்ணாடி. பசை எனக்கு மூன்று கட்டளை போட்டார். வண்டியை விட்டு இறங்கக் கூடாது. பேசக் கூடாது. கையை மட்டும் ஆட்ட வேண்டும். தூசி பறக்கிற தெருவில் மூடிய ஜன்னலுக்குப் பின்னால் கையை ஆட்டிக்கொண்டே போனேன். சனங்கள் அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். முதல் நாளே வண்டிக் கதவின் ஆணியில் மாட்டி என் கோட்டின் இடது கை விளிம்பு கிழிந்தது. நீல நூல் தீர்ந்துபோயிருந்ததால் பழுப்பு நூலால் இழை ஓட்டிவிட்டேன். தையல்காரிக்கு அது ஒரு குறைதான். ஆனால் வண்டிக்குள் இருப்பவளின் கை விளிம்பை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒன்பதாவது நாள் ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. வெக்கை தாங்காமல் டிரைவர் என் பக்கத்து ஜன்னலை இறக்கினார். அந்தக் கணத்தில் ஒரு பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. நூல் ஆலையில் வேலை பார்க்கிறவள் என்று தெரிந்தது.

"அம்மா, என் பொண்ணு ஆலை விடுதியில இருக்கா. மூணு மாசமா வெளிய விடல. நான் போனா கேட்டைத் திறக்க மாட்டேங்கறான். நீங்க வந்து கேட்டா திறப்பான். வருவீங்களா?"

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டியிருக்கலாம். ஆனால் அவள் பிடித்த பிடி அப்படி.

"வருவேன்," என்றேன்.

பதினான்கு நாளில் நான் பேசிய ஒரே சொல் அது. கேட் திறந்தது, வண்டி போய்விட்டது.

அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன். அவள் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு அடுத்த நாள் பேச்சுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வருவேன்னு சொன்னியா? நான் இன்னைக்கு அதையே அறுபது தடவை சொன்னேன். விடுடி."

"நீ போவியா?"

"ஜெயிச்சா பாக்கலாம்."

ஜெயித்தாள். நானூற்றுப் பதினொரு வாக்கு வித்தியாசம். தலைநகரத்துக்குப் போனாள், நாடாளுமன்றத்தில் பின்வரிசை இருக்கை கிடைத்தது. ஆலைக்கு அவள் போகவில்லை. நானும் போகவில்லை. கடைக்குப் போகும் வழியில் அந்த ஊர்ப் பேருந்து தினமும் என்னைத் தாண்டிப் போகும். அதன் பெயர்ப் பலகையைப் படிக்காமல் தரையைப் பார்த்து நடக்கப் பழகிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை பசை செய்தித்தாளை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். முதல் பக்கத்தில் படம். ஆலை வாசலில் ஒரு மர நாற்காலி. அதில் நீலக் கோட்டுடன் அக்கா. முந்தின நாள் காலை தனியாக வந்து உட்கார்ந்தாளாம். யார் என்ன கேட்டும் பேசவில்லை. வெயிலில் ஆறு மணி நேரம். கடைசியில் மேலாளரே வந்து விடுதியைத் திறந்துவிட, பதினோரு பெண்கள் வெளியே வந்தார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நாலு பேரைக் கூட்டிட்டு வந்திருப்பேனே!" என்றார் பசை. "உங்க அக்கா பெரிய ஆளும்மா."

அதற்குள் தொலைபேசி அடித்தது. அக்கா.

"நீ போனியாடி?"

"எங்க?"

"நடிக்காத. நேத்து நான் அவையில இருந்தேன். கேள்வி நேரத்துல எழுந்து கேள்வி கேட்டிருக்கேன், பதிவாயிருக்கு. அங்க உட்கார்ந்திருந்தது யாரு?"

"நான் கடையில இருந்தேன். முப்பத்தாறு பாவாடைக்கு இடுப்புப் பட்டை வச்சிருக்கேன். வேணும்னா வந்து எண்ணிப் பாரு."

நான் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். நாற்காலிக் கையின் மேல் இடது கை. அதன் விளிம்பில் ஒரு வெளிறிய கோடு. பழுப்பு நூல்.

என் கோட்டு தேர்தல் முடிந்த நாளிலிருந்து அறைக் கதவின் பின்னால் ஆணியில்தான் தொங்கியது. போய்த் தொட்டேன். ஈரமாக இருந்தது. பையில் கை விட்டேன். சுருட்டி உருட்டிய பஞ்சு, கோழி முட்டை அளவுக்கு.

அடுத்த வாரம் ஆலைப் பெண் மகளைக் கூட்டிக்கொண்டு நன்றி சொல்ல வந்தாள். கதவைத் திறந்த என்னைக் கண்டதும் கும்பிடப் போனாள். மகள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பதினேழு வயதிருக்கும்.

"இவங்க இல்லம்மா."

"என்னடி உளர்ற? இவங்கதான் எனக்கு வருவேன்னு சொன்னாங்க."

"சொன்னது இவங்களா இருக்கலாம். வந்தது இவங்க இல்ல." அந்தப் பெண் என் கண்களை உற்றுப் பார்த்தாள். "இவங்க கண்ணை மூடி மூடித் திறக்கறாங்க."

அக்கா அந்த வார இறுதியில் வந்தாள். பயணப் பையைக்கூட வைக்காமல் என் அறைக்குள் போய்க் கோட்டின் முன்னால் நின்றாள். அவள் பயந்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். பிறகு பயம் போய்விட்டது. ஊரெல்லாம் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடும்போது யாருக்குத்தான் போகாது? "நான் போகலன்னு சொன்னா யாரு நம்பப் போறாங்க?" என்றாள். "அந்தப் பொண்ணுங்க வெளிய வந்ததென்னமோ நிஜம்தானே?"

நான் அவள் பயணப் பையை வாங்கிக் கீழே வைத்தேன்.

இரண்டாவது தேர்தலில்தான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. அக்கா தன் வாயால் கொடுத்த வாக்குறுதிகள் எல்லாரும் கொடுக்கிற வாக்குறுதிகள் மாதிரியே காற்றில் போயின. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு, பசையின் கட்டளையை மீறி வண்டி ஜன்னல் வழியாகச் சொன்னவை மட்டும் நடந்தன. அவள் ஒருமுறை சோதித்தும் பார்த்தாள். ஒரே தெருவில் வடக்கு முனைக்கு அவள் போய்ப் புதுக் குழாய் என்றாள், தெற்கு முனைக்கு என்னை அனுப்பி அதையே சொல்ல வைத்தாள். மூன்று மாதத்தில் தெற்கே தண்ணீர் வந்தது.

அதற்குப் பிறகு பசையின் கட்டளைகள் மாறின. கையை ஆட்டினால் மட்டும் போதாது, பேச வேண்டும். ஒவ்வொரு காலையும் அக்கா ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பாள். நான் அதை வண்டியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக ஜன்னலை இறக்கிச் சொல்வேன். சொன்ன இடத்துக்கு என்றைக்காவது ஒரு பகல் பொழுதில், என் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த இன்னொருத்தி வருவாள். அன்று என் ஆணி வெறுமையாக இருக்கும். வருவாள், ஒரு நாற்காலியில் உட்காருவாள், அவ்வளவுதான். சண்டை இல்லை, மனு இல்லை. எதிரே இருப்பவர் கையெழுத்துப் போடும் வரை பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பாலம் கட்டும் துறையின் பொறியாளர் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து அக்காவிடம் சொன்னார். நான் சமையலறையில் இருந்தேன்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். அன்னைக்கு நீங்க போன பிறகு நான் அந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். ஆறு மணி நேரம் ஆளு உட்கார்ந்த நாற்காலி. ஜில்லுன்னு இருந்துச்சு."

"உங்க ஆபீஸ்ல ஏசி அதிகம்," என்றாள் அக்கா.

"ஏசி வேலை செய்யலைங்க மேடம். நாலு மாசமாச்சு."

அரசு அலுவலகங்களில் அக்காவுக்கு 'வந்துட்டாங்கம்மா' என்று பட்டப்பெயர் விழுந்தது. கோப்பைத் தாமதித்தால் பக்கத்து மேசைக்காரர் "வந்துட்டாங்கம்மா" என்று கிசுகிசுப்பாராம், மற்றவர் துள்ளி எழுவாராம். பத்திரிகைகள் எழுதின. பின்வரிசையிலிருந்த அக்கா மூன்றாவது வரிசைக்கு வந்தாள், பிறகு முதல் வரிசைக்கு. குழுக்களுக்குத் தலைமை தாங்கினாள். அவையில் அவள் எழுந்தால் எதிர்க்கட்சிக்காரர்களும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். அந்தப் பேச்சு அவளுடையது. அதில் சந்தேகமில்லை. எரிகிற மாதிரி பேசுவாள். தொலைக்காட்சியில் பார்க்கும்போது எனக்கே பெருமையாக இருக்கும்.

ஆனால் எனக்கு வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

முதலில் பேருந்தில்தான் கவனித்தேன். நடத்துநர் எல்லாரிடமும் சீட்டுக் கேட்பார், என்னைத் தாண்டிப் போய்விடுவார். கூப்பிட்டாலும் காதில் விழாது. ஒரு நாள் பக்கத்தில் காலி இடம் இருக்கும்போதே ஒரு அம்மா தன் பையை என் மடியில் வைத்தாள். நான் "அம்மா" என்றதும் அலறிவிட்டாள். கடையில் முதலாளி காலையில் எல்லார் பெயரையும் கூப்பிடுவார், என் பெயர் வரும் இடத்தில் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். வேலை மட்டும் குறையவில்லை. வெட்டிய துணி என் மேசைக்கு வரும், தைத்து வைத்தால் போகும். ஒவ்வொரு வாக்குறுதி நிறைவேறிய பிறகும் இது கொஞ்சம் கூடியது. ஆணியில் கோட்டு ஈரமாகத் திரும்பி வந்த மறுநாள் எனக்கு எழுந்து நிற்கவே முடியாது.

அக்காவிடம் சொன்னேன்.

"இந்த எலெக்‌ஷன் முடியட்டும்," என்றாள். "உன்னை விட்டுடறேன். சத்தியமா. கடையை விட்டு வெளிய வந்து நீயே ஒரு தையல் கடை போடு. உன் பேர்லயே பலகை மாட்டலாம்."

அவள் பொய் சொல்லவில்லை. சொன்ன நேரத்தில் அதை நம்பித்தான் சொன்னாள். ஆனால் அது அவள் வாயால் சொன்னது.

மூன்றாவது தேர்தலில் ஒரே மாதத்தில் தொண்ணூறு வாக்குறுதிகள் சொல்லிவிட்டு வந்தேன். அக்கா பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தாள், கட்சியும் ஆட்சியைப் பிடித்தது. அமைச்சரவையில் அவளுக்கு இடம் என்று பேச்சு அடிபட்டது. அந்த வாரத்தில் ஒரு மதியம் நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்தாள், அறையைச் சுற்றிப் பார்த்தாள், என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தாள். எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தாள்.

"பசையா? பேசு. வீட்டுல யாருமில்ல."

என் கையிலிருந்த பட்டாணி நழுவி மேசையில் உருண்டது. அவள் அதை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். எங்கிருந்து உருண்டது என்று பார்க்கவில்லை.

"தங்கச்சியா? இருப்பா எங்கயாவது. அவளைப் பத்திக் கவலைப்படாத. நான் அமைச்சரானா இனிமே இந்தத் தொகுதி மட்டுமில்ல, நாடு பூரா அனுப்பணும். ஒவ்வொரு மாநிலத்துக்கும். பாதுகாப்பு வண்டியிலயே போகட்டும். என்ன? விட்டுடறேன்னு சொன்னேனா? அது சும்மா அவ மனசுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொன்னது."

நான் உரித்து முடித்தேன். தோலைக் கூட்டி அள்ளினேன். அவள் பேசி முடித்து எழுந்து போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நாடு பூரா என்றால் எத்தனை தெரு? அத்தனைக்கும் பிறகு என்னில் எது மிச்சமிருக்கும்? அந்தக் கிண்ணத்தைத் தூக்குகிற கையாவது இருக்குமா?

நன்றி தெரிவிக்கும் கூட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில். விளையாட்டு மைதானம் நிரம்பியிருந்தது. அக்கா தலைநகரத்தில் இலாகாவுக்காகப் பேச்சுவார்த்தையில் இருந்தாள். அதனால் முதல்முறையாக நான் மேடை ஏறினேன். கோட்டைப் போட்டுக்கொண்டால் மட்டும் எல்லாருக்கும் என்னைத் தெரியும். மாலை போட வந்தவர்கள் வழிவிட்டார்கள், பசை ஒலிபெருக்கியைச் சரி செய்தார்.

துண்டுத் தாளில் நான்கு வரி இருந்தது. மருத்துவமனை, சாலை, கல்லூரி, ரயில். நான்கையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். தாளை மடித்துப் பையில் வைத்தேன். பசை அடுத்தவரைக் கூப்பிட எழுந்தார். நான் ஒலிபெருக்கியை விடவில்லை.

"இன்னொண்ணு," என்றேன். "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. ரொம்ப நாளா அவளை விட்டுடறேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். இன்னைக்கு உங்க எல்லார் முன்னாலயும் சொல்றேன். என் தங்கச்சியை விட்டுடுவேன்."

மைதானம் ஒரு கணம் குழம்பியது. பிறகு யாரோ வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். பசை மட்டும் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கும்போது என் காதருகே வந்தார். "என்னம்மா பண்ணிட்டே?" என்றார்.

அந்த வார வியாழக்கிழமை பதவியேற்பு. காலையில் எழுந்து பார்த்தபோது ஆணி வெறுமையாக இருந்தது.

அது எங்கே போயிருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. வாக்குறுதி கொடுத்தது என்னை விடுவதாக. அதற்கு அந்த இன்னொருத்தி என்னைத் தேடி வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். கடைக்குப் போய் என் இயந்திரத்தில் உட்கார்ந்தேன், ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்தேன். யாரும் வரவில்லை. பதினோரு மணிக்கு முதலாளி தொலைக்காட்சியைப் போட்டார். நம் ஊர்ப் பெண் அமைச்சராகிறாள் என்று எல்லாரும் இயந்திரங்களை நிறுத்திவிட்டு முன்னால் கூடினார்கள்.

தொலைபேசி அடித்தது. அக்கா. காற்றும் வண்டிச் சத்தமும் சேர்ந்து கேட்டது.

"என்னை உள்ள விட மாட்டேங்கறாங்கடி."

"எங்கக்கா?"

"மாளிகை வாசல்ல நிக்கறேன். காவலுக்கு நிக்கறவன் பட்டியலைப் பார்த்துட்டு, நான் ஏற்கெனவே உள்ள போயிட்டேங்கறான். பேருக்கு நேரா கோடு போட்டாச்சாம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அடையாள அட்டையைக் காட்டினேன். அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இந்தப் படத்துல இருக்கறது நீங்க இல்லைங்கறான். பசை இங்கதான் நிக்கறான், நான் தோளைத் தொட்டுக் கூப்பிடறேன், திரும்பவே மாட்டேங்கறான். ஈ உட்கார்ந்த மாதிரி தட்டிவிடறான்டி என் கையை."

திரையில் பெரிய மண்டபம். சிவப்பு விரிப்பு. அக்காவின் பெயரைப் படித்தார்கள். முதல் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். கருநீலக் கோட்டு, பெரிய பொத்தான்கள், தடித்த கறுப்புச் சட்டம். அவசரமில்லாமல் நடந்து வந்து ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். உறுதிமொழித் தாளை இடது கையில் பிடித்தாள். விளிம்பில் பழுப்பு நூல்.

இத்தனை வருடத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. நான் தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினேன்.

தாழ்ந்த, தயங்குகிற குரல். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுகிறார்கள் போலிருந்தது, கரகரத்தது. என் குரல். ரயில்வே கேட்டில் ஒரு சொல் சொன்ன அதே குரல். மனச்சாட்சிப்படி நடப்பதாகவும், அச்சமோ விருப்பு வெறுப்போ இல்லாமல் எல்லா மக்களுக்கும் நியாயம் செய்வதாகவும் அவள் உறுதி சொன்னாள். கடையில் எல்லாரும் கைதட்டினார்கள். எத்தனையோ பேர் அந்த வாசகத்தைப் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவள் சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை. கண் சிமிட்டாமல் கேமராவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். படம்பிடிக்கிறவர்தான் கடைசியில் வேறு பக்கம் திருப்பினார்.

"அட!" என்றார் முதலாளி. என் மேசைக்கு எதிரில் நின்று என் முகத்தையே பார்த்தார். "நீ எப்ப வந்த? என்னது, முடியெல்லாம் இப்படி நரைச்சுப் போச்சு?"

மற்றவர்களும் திரும்பினார்கள். "ஐயோ, இவ இருந்தாளா இவ்வளவு நேரம்!" என்று ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி என் தோளில் கை வைத்தாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எத்தனை வருடம் ஆயிற்று! அழுகை வந்தது. விட்டுவிட்டாள். சொன்னபடியே விட்டுவிட்டாள். ஆனால் என்னை விட்ட பிறகு அவளுக்கு அக்காவும் தேவைப்படவில்லை. ஒரு பெயருக்கு ஒரு ஆள் போதும் அல்லவா?

இதை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மேடையில் அந்த வரியைச் சொல்லும்போது என்னைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை.

"இருக்கியாடி?" தொலைபேசியில் அக்காவின் குரல் தேய்ந்து வந்தது. அந்தக் குரலுக்காகத்தான் முத்திரை குத்துகிறவர்கள் கையை நிறுத்துவார்கள். "எல்லாரும் என்னை இடிச்சுக்கிட்டுப் போறாங்க. டாக்சிக்காரன் நிறுத்த மாட்டேங்கறான். எனக்கு பயமா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போ. வருவியா?"

அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கம். கேட்டவுடன் தானாக வரும்.

கோட்டு என் மேல் இல்லை, ஆனாலும் சொன்னால் யார் போவாள் என்று எனக்குத் தெரியும். அந்த மண்டபத்திலிருந்து எழுந்து, அவசரமில்லாமல் படியிறங்கி, வாசலில் நிற்கும் அக்காவின் எதிரில் வந்து நிற்பாள். பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"சொல்லுடி. வருவியா?"

"நீ எங்க நிக்கற? அதைச் சொல்லு முதல்ல."

"வாசலுக்கு எதிர்ல. கடிகாரக் கூண்டுக்குக் கீழ."

"வெயில்ல நிக்காத. நிழலா பார்த்து உட்காரு. தண்ணி குடி. யாரு வந்து கூப்பிட்டாலும் எந்திரிச்சுப் போகாத."

"வருவியான்னு கேக்கறேன்ல!"

வைத்துவிட்டேன்.

கத்தரிக்கோலை மேசையில் வைத்தேன். முதலாளி என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன், பாதி வழியில் ஓடினேன். தெருவில் ஒரு சைக்கிள்காரர் எனக்காக வளைத்து ஓட்டி, "பார்த்துப் போக்கா!" என்று திட்டினார். திட்டு அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

ரயில் நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில் புது அமைச்சர் மண்டபத்துப் படிகளில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். பத்திரிகைக்காரர்கள் எங்கள் ஊருக்கு வருவீர்களா, எங்கள் ஊருக்கு வருவீர்களா என்று கத்தினார்கள். அவள் எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பி அந்த ஒரே சொல்லைச் சொன்னாள். என் முன்னால் நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. வரிசையில் விழுந்த இடைவெளியில் நுழைந்து கண்ணாடித் தடுப்பின் முன்னால் போய் நின்றேன்.

"எத்தனை?" என்றார் சீட்டுக் கொடுப்பவர்.

"தலைநகரத்துக்கு. போறதுக்கு ஒண்ணு. வர்றதுக்கு ரெண்டு."

அவர் சீட்டை நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தலையைத் திருப்பிச் சுவரிலிருந்த திரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"உங்களை எங்கயோ..."

"அது நான் இல்ல," என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று இன்னொருமுறை உரக்கச் சொல்லிவிட்டு, நடைமேடைக்கு ஓடினேன்.